ஆளுக்கு ஒரு விபத்துப் பாலிசி போதுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு ஊர் சேலம், அம்மாபேட்டை. எட்டு வருடம் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு, இரண்டு வருடமாகச் சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுத்து ஒயரிங், சோலார் வேலை செய்கிறேன். நிரந்தரமாக நாலு பேர். வேலை கூடினால் இன்னும் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டுக்கொள்வேன். மாதம் மூன்று நாலு வீடுகளுக்கு மாடி சோலார் போடுகிறோம். இப்போது ஏற்காட்டில் ஒரு விடுதியில் 40 கிலோவாட் வேலை வந்திருக்கிறது. பேனலை அவர்களே வாங்கித் தருகிறார்கள், மதிப்பு 10 லட்சம். ஸ்ட்ரக்சர், இன்வெர்ட்டர், கேபிள், கூலி எல்லாம் சேர்த்து என் ஒப்பந்தம் 12 லட்சம். "டபிள்யூ.சி., தேர்ட் பார்ட்டி, ஆல் ரிஸ்க் மூன்றும் இருந்தால்தான் ஒர்க் ஆர்டர்" என்கிறார்கள். தெரிந்த ஏஜென்ட் ஒருவர், "ஆளுக்கு 5 லட்சத்துக்கு ஒரு விபத்துப் பாலிசி போடு, அதுவே போதும்" என்கிறார். இன்னொருவர் ஆறு பாலிசியை ஒரே கட்டாகக் கட்டி நீட்டுகிறார். அந்த பிரீமியத்தைக் கட்டினால் இந்த வேலையில் எனக்கு என்ன மிஞ்சும் என்று தெரியவில்லை. எது அவசியம், எதை விடலாம்? நானும் ஆட்களோடு மேலே ஏறுகிறவன்தான். எனக்கும் இதிலேயே வந்துவிடுமா?

பதில்: தம்பி, முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் முப்பது வருடம் இருந்தேன், அதில் பெரும்பகுதி கிளெய்ம் பிரிவில். இப்போது யாருக்கும் பாலிசி விற்பதில்லை. நான் பார்த்த கான்ட்ராக்டர்கள் எல்லாம் விபத்து நடந்த பிறகு ஒரு மஞ்சள் பையில் காகிதங்களை வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தவர்கள். அந்தப் பைக்குள் என்ன இல்லாமல் போகும் என்பதை வைத்துத்தான் உங்களுக்குப் பதில் சொல்கிறேன்.

உங்கள் முதல் ஏஜென்ட் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் இரண்டு வேறு சமாசாரங்களை ஒன்றாகக் குழப்புகிறார். விபத்துப் பாலிசி உங்கள் ஆளுக்குப் பணம் கொடுக்கும். அவருக்கு நீங்கள் சட்டப்படி கொடுக்க வேண்டிய பணத்தை அது கொடுக்காது. அதைக் கொடுப்பது டபிள்யூ.சி. என்று எல்லோரும் சொல்லும் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி. 1923இல் வந்த சட்டம் இது. 2010இல் பெயரில் இருந்த 'வொர்க்மென்' போய் 'எம்ப்ளாயீஸ்' வந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஏஜென்ட்டுகள் வாயில் மட்டும் இன்னும் டபிள்யூ.சி.தான், போகட்டும். பெயர் மாறினாலும் இழப்பீட்டைக் கணக்குப் போடும் முறை மாறவில்லை. அந்தக் கணக்கை நீங்களே ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஆள் ஒருவருக்கு 28 வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 22,000 சம்பாதிக்கிறார். சட்டம் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து 15,000 உச்சவரம்பு, அதனால் 15,000தான் எடுப்பார்கள். உயிர் போனால் அதில் பாதி, 7,500. வயதுக்கு ஒரு பெருக்கல் எண் அட்டவணையில் இருக்கிறது, 28 வயதுக்கு 211.79. இரண்டையும் பெருக்கினால் 15,88,425 ரூபாய். உயிர் பிழைத்து, இனி எந்த வேலையும் செய்ய முடியாத அளவு முடங்கிப்போனால் பாதிக்குப் பதில் அறுபது சதவீதம் எடுப்பார்கள். அப்போது 19,06,110 ரூபாய். இறப்பை விட முடக்கத்துக்குத் தொகை அதிகம். ஓடு வேய்ந்த கூரையிலிருந்து விழுகிறவருக்கு முதுகெலும்பு முறியலாம் என்பதை யோசித்தால் இது எவ்வளவு நிஜம் என்று புரியும். அந்த 5 லட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏஜென்ட்டின் 5 லட்சம் குடும்பத்துக்குப் போய்ச் சேரும், நல்லதுதான். ஆனால் உங்கள் தலையில் இருக்கும் 15 லட்சம் அப்படியே இருக்கும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. சரியான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரைக்கும் அபராதம். அந்த அபராதத்தைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்காது, உங்கள் கையிலிருந்துதான் போகும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பெயிண்டிங் கான்ட்ராக்டர் என் மேசைக்கு வந்தார். சாரத்திலிருந்து விழுந்து ஒரு பையன் இறந்துவிட்டான். நல்ல மனிதர். பதினாறாம் நாள் காரியத்துக்குள் மனைவியின் நகையை அடகு வைத்து நாலு லட்சத்தைப் பையனின் அப்பா கையில் கொடுத்துவிட்டார். சாட்சிக்கு ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர், ஒரு கையெழுத்துக் காகிதம். எட்டு மாதம் கழித்துத் தொழிலாளர் துணை ஆணையரிடமிருந்து நோட்டீஸ். இறப்பு வழக்கில் இழப்பீட்டைச் சட்டப்படியான அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும். முன்பணமாக ஒரு சிறு தொகை தவிர, கையில் கொடுத்தது இழப்பீடாகக் கணக்கில் வராது. அவர் கொடுத்த நாலு லட்சம் அவருடைய நல்ல மனசுக்கு என்று ஆனது. முழுத்தொகையும் மறுபடி கட்ட வேண்டியிருந்தது. மஞ்சள் பையிலிருந்து அந்தக் கையெழுத்துக் காகிதத்தை எடுத்து நாலைந்து தடவை என் முன்னால் விரித்து விரித்து வைத்தார். ஓரம் எல்லாம் நைந்துபோயிருந்தது.

இன்னொரு வகைக் காகிதமும் பார்த்திருக்கிறேன். "விபத்து நடந்தால் நானே பொறுப்பு, முதலாளியிடம் எதுவும் கேட்க மாட்டேன்" என்று முத்திரைத்தாளில் ஆட்களிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்திருப்பார்கள். செல்லாது. தொழிலாளி தன் இழப்பீட்டு உரிமையை எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. "குடித்திருந்தான், பெல்ட் போடச் சொல்லியும் போடவில்லை" என்ற வாதமும் சின்னக் காயத்துக்குத்தான் எடுபடும். உயிர் போனாலோ நிரந்தரமாக முழுதும் முடங்கினாலோ அந்த வாதம் உங்களைக் காப்பாற்றாது.

விடுதிக்காரர்கள் ஏன் வற்புறுத்துகிறார்கள் என்பதும் இங்கேதான் இருக்கிறது. கான்ட்ராக்டரின் ஆள் அடிபட்டால் வேலை கொடுத்தவரையே பணம் கட்டச் சொல்லச் சட்டத்தில் இடம் உண்டு. கட்டிவிட்டு அவர் உங்களிடம் வசூலித்துக்கொள்ளலாம். உங்களிடம் இல்லை என்றால் அவருக்கு நஷ்டம். ஆகவே அவர்கள் கேட்பது நியாயம், அதில் கோபப்பட ஒன்றும் இல்லை.

சரி, டபிள்யூ.சி. எடுக்கிறீர்கள். அதில்தான் நம் ஊர்க் கான்ட்ராக்டர்கள் வழக்கமாகச் சறுக்குவார்கள். இந்தப் பாலிசியின் பிரீமியம் வருடக் கூலித் தொகையின் மேல் போடப்படுகிறது, ஆயிரம் ரூபாய் கூலிக்கு இத்தனை ரூபாய் என்று. அதனால் கூலியைக் குறைத்துக் காட்டும் ஆசை வரும். ஏழு பேர் வேலை செய்யும் இடத்தில் நாலு பேர், 22,000க்குப் பதில் 9,000 என்று எழுதுவார்கள். சில ஏஜென்ட்டுகளே அப்படி எழுதச் சொல்லித் தருவார்கள். விபத்து நடந்த பிறகு நிறுவனம் முதலில் கேட்பது கூலி நோட்டைத்தான். அறிவித்த கூலிக்கும் கொடுத்த கூலிக்கும் பொருந்தவில்லை என்றால் தொகையைக் குறைப்பார்கள், சில சமயம் மறுப்பார்கள். நான் பார்த்ததில் ஒழுங்காக கிளெய்ம் முடிந்தவர்களிடம் இருந்தது பெரிய கம்ப்யூட்டர் கணக்கு அல்ல, நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. தேதி, பெயர், முழு நாளா அரை நாளா, சனிக்கிழமை பட்டுவாடா, முன்பணம் கழித்தது, பக்கத்தில் கையெழுத்து அல்லது ரேகை. ஜிபே மூலம் கொடுத்தால் இன்னும் நல்லது, அழிக்க முடியாத சாட்சி.

பாலிசியில் ஆட்களின் பெயரைப் போடாமல், 'ஒயர்மேன் இத்தனை பேர், ஹெல்பர் இத்தனை பேர்' என்று வகை வாரியாக எடுங்கள். உங்களைப் போல ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் தொழிலுக்கு அதுதான் சரி. உயரத்தில் வேலை, கூரை மேல் வேலை என்று தொழில் விவரத்தில் எழுதச் சொல்லுங்கள். 'எலக்ட்ரிகல் ஒர்க்' என்று மட்டும் இருந்தால் பிரீமியம் குறையும், அப்புறம் விழுந்த இடம் கூரை என்றதும் கேள்வி வரும். சின்ன வேலையை நீங்கள் வேறொருவருக்கு உள்கான்ட்ராக்ட் விடுவதாக இருந்தால் அவருடைய ஆட்களையும் சேர்க்கத் தனியாகக் கேட்க வேண்டும், தானாக வராது.

மருத்துவச் செலவு என்று ஒரு சேர்க்கை உண்டு. இதை விட்டுவிடாதீர்கள். வேலையில் அடிபட்டவரின் சிகிச்சைச் செலவை முதலாளி கொடுக்க வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது, ஆனால் சாதாரண டபிள்யூ.சி. பாலிசியில் அது சேர்ந்திருக்காது. கூடுதல் பிரீமியம் கட்டி, ஆளுக்கு இவ்வளவு என்ற வரம்போடு வாங்க வேண்டும். இறப்பு எப்போதாவதுதான் வரும். கை முறிவும் மின்சாரம் பட்ட தீக்காயமும் வருடா வருடம் வரும். உங்கள் கையிலிருந்து பணம் போகிற வழி அதுதான்.

ஒரு சின்ன விலகல். ஆட்கள் பத்து பேரைத் தொட்டால் இ.எஸ்.ஐ. என்னும் அரசுத் தொழிலாளர் காப்பீடு வந்துவிடும். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்ட வேண்டும். இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு டபிள்யூ.சி. இழப்பீடு கேட்க முடியாது, இ.எஸ்.ஐ.யே கொடுக்கும். பத்தாவது ஆளைக் கணக்கில் காட்டாமல் வைப்பது இரண்டு பக்கமும் கெடுக்கும். அதோடு உங்கள் ஆட்களைக் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அது அவர்களுக்கு நல்லது, ஆனால் உங்கள் பொறுப்பைக் குறைக்காது. வங்கியில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடும் அப்படித்தான், 2 லட்சம் கிடைக்கும். எல்லோருக்கும் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

இனி மலைக்குப் போவோம். விடுதிக்காரர்கள் 'ஆல் ரிஸ்க்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். அதில் இரண்டு உண்டு. கட்டடம் கட்டுகிறவருக்கு சி.ஏ.ஆர்., அதாவது கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்; இயந்திரம், மின்சாதனம் நிறுவுகிறவருக்கு இ.ஏ.ஆர்., அதாவது எரெக்ஷன் ஆல் ரிஸ்க். (சி.ஏ.ஆர். என்பதை 'கார் பாலிசி' என்று நினைத்துத் தன் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வந்தவரை எனக்குத் தெரியும்.) சோலார் நிறுவலுக்கு நீங்கள் கேட்க வேண்டியது இ.ஏ.ஆர். டெஸ்டிங் நேரத்தில் ஏற்படும் சேதமும் அதில் வரும். இன்வெர்ட்டர் புகைவது பெரும்பாலும் முதல் தடவை சுவிட்ச் போடும்போதுதான்.

காப்பீட்டுத் தொகை எவ்வளவு? 12 லட்சம் என்று எழுதிவிடுவீர்கள் என்று எனக்குப் பயம். உங்கள் ஒப்பந்தம் 12 லட்சம்தான். ஆனால் அவர்கள் வாங்கித் தரும் 10 லட்சம் பேனலும் அதே கூரையில், உங்கள் பொறுப்பில் இருக்கிறது. 22 லட்சத்துக்கு எடுங்கள். 12க்கு எடுத்து, ஒரு காற்றில் 4,40,000 ரூபாய்க்குச் சேதமானால், 22இல் 12 பங்கு என்று விகிதம் போட்டு 2,40,000தான் கொடுப்பார்கள். அதிலிருந்தும் 'எக்ஸஸ்' என்று உங்கள் பங்கு ஒன்றைக் கழிப்பார்கள். புயல், வெள்ளம், மண்சரிவு, நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சேதத்துக்கு எக்ஸஸ் அதிகமாக இருக்கும். மலையில் உங்களுக்கு வரக்கூடிய சேதம் அந்த வகைதான் என்பதால் அந்த எண்ணைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

பாலிசிக் காலத்தையும் நிதானமாக யோசித்துப் போடுங்கள். உங்கள் கணக்கில் வேலை நாற்பத்தைந்து நாளாக இருக்கலாம். மின்வாரியத்தில் மீட்டர் வந்து இணைப்புக் கொடுக்கும் வரை விடுதிக்காரர்கள் 'முடிந்தது' என்று கையெழுத்துப் போட மாட்டார்கள், அதற்கு எத்தனை நாள் என்று நீங்களும் நானும் சொல்ல முடியாது. ஒப்படைக்கும் நாள் வரை காப்பு இருக்க வேண்டும். இழுத்தால், முடியும் தேதிக்கு முன்பே நீட்டிக்கச் சொல்லி எழுதுங்கள். முடிந்த மறுநாள் போய் நின்றால் அது புதுப் பாலிசி.

இப்போது ஒரு ஓட்டை. இ.ஏ.ஆர். பொருளை இறக்கிய இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அடிவாரத்திலிருந்து மேலே போகும் இருபது கொண்டை ஊசி வளைவும் அதில் வராது. லாரிக்கு இருக்கும் மோட்டார் காப்பீடு லாரிக்கு, மேலே ஏற்றிய பேனலுக்கு அல்ல. அதற்கு இன்லேண்ட் ட்ரான்சிட் என்று தனியாக ஒரு பாலிசி, ஒரு நடைக்கும் எடுக்கலாம். அதில் 'ஏ' வகை கேளுங்கள். 'பி' வகை வண்டி கவிழ்ந்தால், மோதினால் என்று சில சம்பவங்களுக்கு மட்டும்தான். உங்கள் பேனல் வண்டி கவிழாமலே, வளைவில் அலுங்கி விரிசல் விடும். எடுப்பதற்கு முன் ஒர்க் ஆர்டரைப் பாருங்கள். பேனல் மேலே வந்து சேரும் வரை யார் பொறுப்பு என்று இருக்கிறது? விடுதிக்காரர்கள் என்றால் அந்த பிரீமியம் அவர்கள் தலைவலி. நீங்கள் செய்ய வேண்டியது, இறக்கும்போது ஒவ்வொரு பெட்டியையும் போட்டோ எடுத்து, அடிபட்ட பெட்டிகளை எண்ணி, டெலிவரி சலானிலேயே எழுதிவிடுவது.

வளைவு என்றதும் இன்னொன்று. ஆட்களை லோடு வண்டியின் பின்னால், ஸ்ட்ரக்சர் பைப் மேல் உட்கார வைத்து மலைக்குக் கூட்டிப்போகாதீர்கள். சரக்கு வண்டியில் ஏறிய பயணிக்கு மோட்டார் காப்பீடு பொறுப்பேற்காது. வண்டியில் வேலை செய்யும் டிரைவர், லோடு ஏற்றி இறக்குகிறவர்கள் என்று வரம்புக்குள் சிலருக்குத்தான் இடம், அதற்கு மேல் இருப்பவர்கள் வெறும் ஆட்கள். இப்போதைய சட்டத் தொகுப்பில் வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், வேலையில் நடந்ததாகவே கருதப்படும். ஆக டபிள்யூ.சி.யில் பயணமும் சேருமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஏற்காட்டுக்குப் பஸ் இருக்கிறது, ஆளுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டால் எனக்கு நிம்மதி.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து என்னை அரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஏற்காட்டில் பழைய கட்டடம் என்றால் பெரும்பாலும் ஓட்டுக் கூரை, அடியில் மரச் சட்டம். நீங்கள் அதில் ஸ்ட்ரக்சர் பொருத்துகிறீர்கள். ஒரு வெல்டிங் பொறி சட்டத்துக்குள் விழுந்து புகைந்தால்? இ.ஏ.ஆர். பாலிசியிலேயே மூன்றாம் நபர் பொறுப்பு என்று ஒரு பகுதி இருக்கிறது, அது கொடுக்கும் என்று நினைப்பீர்கள். கொடுக்காது. வேலை கொடுத்தவர் இந்தப் பாலிசியில் மூன்றாம் நபர் அல்ல. அவருடைய பழைய கட்டடம், பழைய மெயின் போர்டு, கீழே அறையில் இருக்கும் டிவி எதுவும் அதில் சேராது. அதற்குத்தான் 'ஓனர்ஸ் சரவுண்டிங் பிராப்பர்ட்டி' என்று ஒரு சேர்க்கை. ஒரு தொகை குறித்து, கூடுதல் பிரீமியம் கட்டி வாங்க வேண்டும். இந்த வேலையில் நான் ஒரே ஒரு சேர்க்கைக்குத்தான் பணம் செலவழிக்கலாம் என்றால் இதற்குத்தான் செலவழிப்பேன். பாலிசியில் உங்கள் பெயரோடு விடுதியின் பெயரையும் சேர்க்கச் சொல்வார்கள், சேருங்கள். வெல்டிங் வேலைக்குப் பக்கத்தில் தீயணைப்பான் வேண்டும் என்பது போன்ற நிபந்தனை பாலிசியில் இருந்தால், அது அலங்காரத்துக்கு எழுதியது அல்ல.

'தேர்ட் பார்ட்டி' என்று அவர்கள் கேட்டது அங்கே தங்க வந்தவர் தலையில் ஸ்பானர் விழுந்தால் என்பதற்கு. இந்த ஒரு வேலைக்கு இ.ஏ.ஆர்.இன் அந்தப் பகுதியே போதுமானதாக இருக்கலாம், தொகை அவர்கள் கேட்ட அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் நீங்கள் மாதம் மூன்று நாலு வீடு செய்கிறீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இ.ஏ.ஆர். எடுத்துக்கொண்டிருக்க முடியாது. அதற்கு, வெளியாருக்கு நேரும் சேதத்துக்கான வருடாந்தர பப்ளிக் லையபிலிட்டி பாலிசி ஒன்று வேண்டும். ஏஜென்ட்டிடம் வெறுமனே 'பப்ளிக் லையபிலிட்டி' என்று சொன்னால் சிலர் 1991ஆம் வருடச் சட்டப்படியான பாலிசியை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அது போபால் விஷவாயுவுக்குப் பிறகு வந்தது, அபாயகரமான ரசாயனம் வைத்திருக்கும் இடங்களுக்கு. உங்களுக்கு அது அல்ல.

நீங்கள் எடுக்க வேண்டிய வருடாந்தர பாலிசியில் இரண்டு எண் இருக்கும், ஒரு விபத்துக்கு இவ்வளவு, வருடத்துக்கு மொத்தம் இவ்வளவு. பத்து, இருபது லட்சம் என்று தொடங்கலாம். உங்கள் வேலைக்கு அதில் மிக முக்கியமான கேள்வி, வேலை முடித்துவிட்டு வந்த பிறகு வரும் சேதம் சேருமா என்பது. மாடியில் போல்ட் அடித்த இடத்தில் ஆறு மாதம் கழித்து ஐப்பசி மழையில் ஒழுகி, கீழ் வீட்டு மரச்சாமான் ஊறினால் கொடுப்பார்களா? அதற்கான சேர்க்கையைக் கேளுங்கள். ஒழுகும் இடத்தைத் திரும்பச் சரிசெய்யும் செலவை எந்தப் பாலிசியும் கொடுக்காது, அது உங்கள் வேலையின் குறை. அப்புறம், இந்த வகைப் பாலிசிகள் பெரும்பாலும் விபத்து எப்போது நடந்தது என்று மட்டும் பார்க்காமல், கோரிக்கை பாலிசி உயிரோடு இருக்கும்போது வந்ததா என்றும் பார்க்கும். முதல் பாலிசி தொடங்கிய தேதியை 'ரெட்ரோஆக்டிவ் தேதி' என்று வைத்திருப்பார்கள். ஒரு வருடம் விட்டுவிட்டு மறுபடி எடுத்தால் அந்தத் தேதி போய்விடும், பழைய வேலைகள் எல்லாம் வெளியே நிற்கும். எடுத்தால் விடாமல் கட்டுங்கள்.

ஆறு பாலிசிக் கட்டில் மிச்சம் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். கருவிகளுக்கான பாலிசியை விடலாம். டிரில்லிங் மெஷின் காணாமல் போனால் வலிக்கும், தொழில் மூழ்காது. போதாக்குறைக்குத் திருட்டுப் பாலிசியில் பூட்டை உடைத்துப் புகுந்த அடையாளம் வேண்டும், திறந்த மொட்டை மாடியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போன மெஷினுக்கு அந்த அடையாளத்தை எங்கே காட்டுவது? தொழில்முறை ஆலோசகர் பொறுப்பு என்று ஒன்று இருக்கும், டிசைன் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் இன்ஜினியருக்கு. இப்போது உங்களுக்கு வேண்டாம். கடையிலோ கோடவுனிலோ நாலைந்து லட்சத்துக்கு மேல் சரக்கு நிற்கிறது என்றால் மட்டும் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' எடுங்கள். 5 கோடி வரை மதிப்புள்ள இடங்களுக்கு 2021 ஏப்ரலில் வந்த தீக் காப்பீடு, தொகையில் 15 சதவீதம் வரை குறைவாகப் போட்டிருந்தாலும் விகிதம் போட்டுக் கழிக்க மாட்டார்கள்.

கடைசியாக நீங்கள் கேட்டது, நானும் இதில் வருவேனா என்று. வர மாட்டீர்கள். டபிள்யூ.சி. உங்களிடம் வேலை செய்பவர்களுக்கு. நீங்கள் முதலாளி, அதே ஏணியில் அதே கூலி வேலையைச் செய்தாலும். கம்பெனியில் இருந்தபோது உங்களுக்குப் பின்னால் யாரோ கட்டி வைத்திருந்தது வேலையை விட்ட அன்றோடு போய்விட்டது. உங்கள் ஏஜென்ட் சொன்ன விபத்துப் பாலிசி பொருந்துவது உங்களுக்குத்தான், ஆனால் 5 லட்சத்துக்கு அல்ல. வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு வாராவாரம் பணம் கொடுக்கும் வகையாகப் பார்த்து, பெரிய தொகைக்கு எடுங்கள். 'எலக்ட்ரிகல், உயரத்தில் வேலை' என்று தொழிலை உள்ளபடி எழுதுங்கள். 'வியாபாரம்' என்று எழுதினால் பிரீமியம் குறையும், நீங்கள் விழும்போது வியாபாரி கூரையில் என்ன செய்தார் என்பார்கள். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் ஒரு டேர்ம் பாலிசியும் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ, ஆயுள் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. தொழில் பாலிசிகளுக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது, விலை கேட்கும்போது சேர்த்துக் கேளுங்கள்.

விலை என்றதும், ஒரு நிறுவனத்தோடு நிற்காமல் மூன்று இடத்தில் கேளுங்கள். 2007க்குப் பிறகு இந்தப் பாலிசிகளுக்கு ஒரே விலை என்பது கிடையாது. மூன்று பேருக்கும் ஒரே விவரத்தை எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் குறைத்துக் கேட்பவர் எதைக் கழற்றினார் என்று தெரியாது. இந்த பிரீமியத்தை உங்கள் லாபத்திலிருந்து எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. மூன்று பாலிசி கேட்டது விடுதிக்காரர்கள். கொட்டேஷனில் 'காப்பீடு' என்று தனி வரி போட்டு அந்த இ.ஏ.ஆர். தொகையைக் கேளுங்கள், பாதியாவது ஒத்துக்கொள்வார்கள். டபிள்யூ.சி.யும் வருடாந்தர லையபிலிட்டியும் உங்கள் செலவு, எல்லா வேலைக்கும் பகிர்ந்து போகும்.

பணம் நிறுவனத்துக்குப் போய்ச் சேராத வரை காப்பு தொடங்காது, சட்டமே அப்படி. "நாளைக்குக் கட்டிக்கலாம், நான் பார்த்துக்கிறேன்" என்று ஏஜென்ட் சொன்னால் அன்று மேலே ஏறாதீர்கள். பாலிசி கையில் வந்ததும் நான் சொன்ன நாலு இடத்தை மட்டும் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள்: தொழில் விவரத்தில் கூரை வேலை, 22 லட்சம், சரவுண்டிங் பிராப்பர்ட்டி, மருத்துவச் செலவு. ஒன்று இல்லாவிட்டாலும் திருத்தி வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் எனக்கு அந்தப் பக்கங்களை மட்டும் நகல் எடுத்து அனுப்புங்கள், விளம்பரத் தாள் வேண்டாம்.